ஏ5 சாலையின் மின்கம்பிகளும் ஓட்டுநரில்லாத லாரிகளும்

பிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்துக்கும் டார்ம்ஸ்டாட் நகருக்கும் இடையில், ஏ5 நெடுஞ்சாலையின் வலதுகோடித் தடத்துக்கு மேலாக, 2019 மே மாதம் முதல் மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரயில் பாதைக்கு மேலே இருப்பவற்றைப் போன்ற கம்பிகள்தாம். ஆனால் அவற்றின் கீழே ஓடியவை லாரிகள். ஜெர்மனியின் பொதுச் சாலைகளில் அமைந்த முதல் மின் நெடுஞ்சாலை அது. தொடக்கத்தில் ஒவ்வொரு திசையிலும் 5 கிலோமீட்டர் இருந்தது. பிறகு சற்று நீட்டினார்கள். 2024 இறுதியில் சோதனைக் காலம் முடிந்ததும், கம்பங்களையும் கம்பிகளையும் கழற்றிவிடுவதென்று முடிவாயிற்று. வடக்கே லூபெக் நகருக்கு அருகில் ஏ1 சாலையில் நடந்த சோதனைக்கும் அதே கதிதான்.

அடுத்த சில மாதங்களில், 2025 மே மாதத்தில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே அரோரா என்ற நிறுவனம் ஓட்டுநரில்லாத சரக்கு லாரிகளை வணிகச் சேவையில் விட்டிருப்பதாக அறிவித்தது. செய்திகள் எல்லாம் காலியான ஓட்டுநர் இருக்கையைப் பற்றியே பேசின. அந்த லாரி டீசலில் ஓடுகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்தவில்லை.

தானாக ஓடும் வண்டிகளும் மின்சாரம் தரும் சாலையும் ஒன்றாகச் சேர்ந்த நெடுஞ்சாலை என்பது பழைய கனவு. அதன் ஒரு பாதியை இங்கே கழற்றுகிறோம். மறுபாதி அங்கே ஓடத் தொடங்கியிருக்கிறது. சுற்றுச்சூழல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தவறான பாதி முந்திக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், அந்தக் கம்பி என்ன வேலை செய்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

டார்ம்ஸ்டாட் பக்கம் குடியிருந்த ஆண்டுகளில் அந்தச் சாலையில் அடிக்கடி போய்வந்திருக்கிறேன். கம்பிக்குக் கீழே ஓடும் லாரிகளை எண்ணிக்கையில் மிகச் சிலவே அங்கே காணலாம். மற்றவை எல்லாம் சாதாரண டீசல் லாரிகள். ஆனால் அப்படி ஒன்றின் பின்னால் செல்ல வாய்த்தால் காட்சி சுவையாக இருக்கும். ஓட்டுநர் அறைக்குப் பின்னால், கூரை உயரத்தில், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டமான பாண்டோகிராஃப் வெட்டுக்கிளியின் கால்போல மடிந்து கிடக்கும். கம்பி தொடங்கும் இடம் வந்ததும், மேலே கம்பி இருப்பதை உணரி கண்டுகொள்ள, ஓடுகிற ஓட்டத்திலேயே அது எழுந்து கம்பியைத் தொடும். லாரி தடத்துக்குள் லேசாக இடமும் வலமும் ஆடினால் பாண்டோகிராஃபின் தலைப்பகுதி அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுத்து நகரும். முந்திச் செல்ல ஓட்டுநர் சைகை விளக்கைப் போட்டாரோ இல்லையோ, மறுகணம் அது தானாக மடங்கிவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் வரையிலும் இது நடக்கும்.

ரயிலுக்கு மேலே ஒரு கம்பி போதும், இங்கே இரண்டு கம்பிகள் வேண்டும். ரயிலில் மின்சாரம் சக்கரத்தின் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடுகிறது. லாரிக்கு ரப்பர் டயர் என்பதால், போகும் வழி, வரும் வழி இரண்டையும் மேலேயே அமைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்தாலும் இதில் புதிய அறிவியல் என்று எதுவுமில்லை என்பதுதான் இதன் பெருமை. ட்ராலி பேருந்துகள் நூறாண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் ஓடுகின்றன. சுவீடனில் கேவ்லே நகருக்கு அருகே ஈ16 சாலையில் 2016 ஜூன் மாதம் 2 கிலோமீட்டருக்கு இதே அமைப்பைத்தான் சீமென்ஸும் ஸ்கானியாவும் முதன்முதலாகப் பொதுச் சாலையில் இயக்கிக் காட்டின.

இனிக் கணக்கு. 40 டன் எடையுள்ள ஒரு நெடுந்தூர லாரி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 30 லிட்டர் டீசல் குடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.65 கிலோ கரியமில வாயு வெளிவரும். ஆக 100 கிலோமீட்டருக்கு 80 கிலோ. அதே லாரியை மின்சாரத்தில் ஓட்டினால் 120 யூனிட் அளவில் செலவாகும். ஜெர்மனியின் மின்சாரம் 2024ஆம் ஆண்டில் யூனிட்டுக்குச் சுமார் 360 கிராம் கரியமில வாயுவைச் சுமந்திருந்தது. அதன்படி 43 கிலோ. ஏறத்தாழப் பாதி மிச்சம். நிலக்கரி இன்னும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு மின்கட்டமைப்பிலேயே பாதி என்றால், காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அந்த மிச்சமும் தானே கூடிக்கொண்டு போகும். லாரியில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

சாலையே மின்சாரம் தருவதன் தனிப் பயன் இதற்கு மேலும் உண்டு. கம்பியிலிருந்து வரும் மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போவதால், மின்கலத்தில் ஏற்றி இறக்கும் இழப்பு பெருமளவு தவிர்க்கப்படுகிறது. நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து, அதை அழுத்தி, லாரிக்குள் மறுபடி மின்சாரமாக்கும் வழியில் தொடக்கத்தில் இருந்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்கு வந்து சேர்வதில்லை. கம்பி வழியில் நான்கில் மூன்று பங்கு வந்துவிடுகிறது. அடுத்தது மின்கலத்தின் அளவு. இன்று விற்பனைக்கு வந்திருக்கும் மெர்சிடிஸ் நிறுவனத்தின் நெடுந்தூர மின்லாரி 621 யூனிட் கொள்ளும் மின்கலத்தைச் சுமக்கிறது. அதன் எடை பல டன். நெடுஞ்சாலையில் கம்பி இருந்தால், கம்பி இல்லாத கடைசிச் சில பத்துக் கிலோமீட்டருக்கு மட்டும் மின்கலம் போதும். நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், லட்சக்கணக்கான லாரிகளுக்கு எவ்வளவு லித்தியமும் செம்பும் அலுமினியமும் மிச்சமாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நாடு முழுவதும் கம்பி போட வேண்டும் என்பதும் இல்லை. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகள் மொத்தம் சுமார் 13,000 கிலோமீட்டர். அவற்றில் மிக நெரிசலான 4,000 கிலோமீட்டரிலேயே நெடுஞ்சாலைச் சரக்கில் ஐந்தில் மூன்று பங்கு ஓடுகிறது.

இத்தனை நல்ல கணக்கு ஏன் தோற்றது? மின்கலத்தின் விலை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிந்தது முதற்காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓட்டுநர் நேர விதி இரண்டாவது. நாலரை மணி நேரம் ஓட்டியபின் ஓட்டுநர் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலரை மணி நேரத்தில் 360 கிலோமீட்டர் போகலாம். அந்தத் தூரத்தை ஒரே மின்னேற்றத்தில் கடக்கும் லாரி வந்துவிட்டால், ஓட்டுநர் காபி குடிக்கும் நேரத்தில் ஒரு மெகாவாட் மின்னேற்றி அதன் வயிற்றை நிரப்பிவிடும். எப்படியும் நிற்கப் போகிற வண்டிக்கு ஓடும்போது எதற்கு மின்சாரம் என்ற கேள்விக்குக் கம்பிக்காரர்களால் விடை சொல்ல முடியவில்லை. லாரி தயாரிக்கும் டைம்லர், வோல்வோ, ஸ்கானியாவின் தாய் நிறுவனமான ட்ரேட்டன் ஆகியவை கூட்டாக மின்னேற்ற நிலையங்களில் முதலிட்டன. முக்கியப் பெருவழிகளில் 60 கிலோமீட்டருக்கு ஓரிடத்தில் லாரிகளுக்கு மின்னேற்றம் இருக்க வேண்டும் என்று 2023இல் ஒன்றியமே சட்டம் செய்துவிட்டது. அதே ஆண்டு சுவீடன் ஈ20 சாலையில் ஹால்ஸ்பெர்குக்கும் ஓரெப்ரூவுக்கும் இடையே 21 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டிருந்த நிரந்தர மின்சாலையின் ஒப்பந்தப்புள்ளியை, கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை என்று ரத்து செய்தது.

கம்பிக்கு எதிரான இன்னொரு வாதம் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. அதை அதிகம்பேர் சொல்லிக் கேட்டதில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை கனரக லாரிகள் ஓடத் தடை. சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய், சந்தையில் மின்விலை சுழியத்துக்குக் கீழே போவதோ பெரும்பாலும் வெயில் நிறைந்த வார இறுதி நண்பகல்களில்தான். மின்கல லாரி அந்த நேரத்தில் கிடங்கில் நின்றபடி, வேண்டாம் என்று தள்ளப்படும் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பி லாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது ஓடும்போதுதான் உண்ணும். திங்கட்கிழமை காலை பனிமூட்டத்தில், காற்றும் அடங்கி, எரிவாயு மின்நிலையங்கள் ஓடும் நேரத்தில் அதற்குப் பசிக்கும்.

ஆக மின்சாரப் பாதி தோற்றது ஆற்றல் கணக்கில் அல்ல, முதலீட்டுக் கணக்கிலும் நேரக் கணக்கிலும்தான். மின்கல லாரிகள் அதன் இடத்தைப் பிடிக்குமானால் சுற்றுச்சூழலுக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். என்னைச் சிந்திக்கவைப்பது தானியக்கப் பாதி.

அதன் வரலாறு 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த ஃப்யூச்சராமா என்ற மாபெரும் மாதிரி நகரத்திலிருந்து சொல்லப்படுவது வழக்கம். 1960ஆம் ஆண்டின் சாலைகளில் வண்டிகள் தாமாகத் தடம் பிடித்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும் என்று அது காட்டியது. எண்ணெய் எங்கிருந்து வரும், புகை எங்கே போகும் என்ற கேள்விகளுக்கு அந்த மாதிரியில் இடமில்லை. உண்மையான முயற்சி கலிஃபோர்னியாவில் நடந்தது. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாத் என்ற ஆய்வுத் திட்டம் இரண்டு பாதிகளையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்ந்தது. சாலைக்கு அடியில் கம்பிச்சுருள் பதித்து, தொடாமலே பேருந்துக்கு மின்சாரம் ஏற்றிப் பார்த்தார்கள். ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் 60 விழுக்காடு மின்சாரம்தான் வண்டிக்கு வந்து சேர்ந்தது. மீதி சூடாகப் போயிற்று. அந்த வேலை அத்துடன் நின்றது. பிற்காலத்தில் தென்கொரியாவில் குமி நகரப் பேருந்துகளும், சுவீடனின் காட்லாந்து தீவில் விஸ்பி சாலையும், 2023 நவம்பரில் டெட்ராய்ட் நகரின் 14ஆம் தெருவும் அதே உத்தியை மேலும் திறமையாகச் செய்து காட்டின.

தானியக்க வேலை மட்டும் பாத் திட்டத்தில் மேலே சென்றது. 1991இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம் 1997க்குள் தானியங்கி நெடுஞ்சாலை மாதிரி ஒன்று வேண்டும் என்று கெடு வைத்தது. அவ்வாறே 1997 ஆகஸ்டில் சான் டியேகோவுக்கு வடக்கே ஐ-15 சாலையின் 12 கிலோமீட்டர் நீளத்தில், தடத்தின் நடுவே 1.2 மீட்டருக்கு ஒன்றாகப் புதைத்த காந்தங்களைத் தொடர்ந்து, எட்டு ப்யூக் கார்கள் ஒன்றுக்கொன்று ஆறரை மீட்டர் இடைவெளியில் மணிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடின. கைகள் ஸ்டியரிங்கில் இல்லை. எல்லாம் சரியாக நடந்தது. நடந்து முடிந்ததும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

இப்படி நெருங்கி ஓடுவதில் ஆற்றல் மிச்சமாகும் என்பது தானியக்கத்தின் பழைய வாக்குறுதி. பொய்யில்லை. முன்னே போகும் வண்டி காற்றைக் கிழித்து வழிவிட, பின்னே வருவதற்குத் தடை குறைகிறது. முன்வண்டியின் முதுகில் உண்டாகும் உறிஞ்சலும் குறைவதால் அதற்கும் ஓரளவு ஆதாயம். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடம் 2014இல் இரண்டு லாரிகளை வைத்துச் சோதித்தபோது பின் லாரிக்கு அதிகபட்சம் 9.7 விழுக்காடும், முன் லாரிக்கு 5.3 விழுக்காடும் எரிபொருள் மிஞ்சியது. அது சோதனைத் தடம். உண்மைச் சாலையில் இடையே ஒரு கார் நுழையும், ஏற்றம் வரும், வரிசை கலையும். மறுபடி சேர்வதற்குப் பின் லாரி வேகமெடுக்க வேண்டும், அதில் மிச்சம் கரையும். பல ஆண்டுகள் சோதித்துவிட்டு டைம்லர் 2019 ஜனவரியில் இதையேதான் காரணமாகச் சொல்லி லாரி வரிசை ஓட்டத்தைக் கைவிட்டது.

இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மின்லாரிக்குச் சுமார் 100 கிலோவாட் வேண்டும். 250 மீட்டருக்கு ஒரு லாரி என்று போனால் 5 கிலோமீட்டர் கம்பியில் 20 லாரிகள், 2 மெகாவாட். மின்கலத்திலும் மின்சாரம் ஏற்றிக்கொண்டே போனால் அதைப் போல் இருமடங்கு. இப்போது தானியக்கம் வந்து லாரிகளை 15 மீட்டர் இடைவெளியில் கோத்தால், அதே 5 கிலோமீட்டரில் 150 லாரிகளுக்கு மேல் அடங்கும். காற்றுத்தடையில் கிடைக்கும் ஏழெட்டு விழுக்காட்டுச் சலுகையைக் கழித்துவிட்டாலும் 14 மெகாவாட் ஆகிறது. சாலையோரத் துணை மின்நிலையங்களையும் அவற்றுக்கு வரும் உயர் அழுத்த வடங்களையும் ஏழு மடங்காக்க வேண்டும். வண்டி ஒன்றுக்கு மிச்சம், சாலை மொத்தத்துக்குச் சுமை என்பதே இதன் சாரம்.

சாலை மொத்தம் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தடத்தில் மணிக்கு 2,000 வண்டிகள் போன இடத்தில் 4,000 போகலாம் என்றால், அந்த இடம் காலியாகவா இருக்கும்? சாலையை அகலப்படுத்திய ஊர்கள் அனைத்தும் கண்ட பாடம் இது: இடம் கிடைத்தால் வண்டி வரும். ஓட்டும் சலிப்பும் இல்லாமல் போனால் இன்னும் வரும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பெர்க்லி ஆய்வாளர்கள் இதை எளிமையான உத்தியால் அளந்தார்கள். தானியங்கிக் கார் கைவசம் இல்லாததால், 13 பேருக்கு ஒரு வாரத்துக்கு இலவசமாக ஓர் ஓட்டுநரைக் கொடுத்துவிட்டு, அவர்களின் கார் எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஓடிய தூரம் 83 விழுக்காடு கூடியது. அதில் ஒரு பகுதி உரிமையாளரே உள்ளே இல்லாமல் கார் தனியே போய்வந்தது. பதின்மூன்று பேரை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்லக் கூடாதுதான். ஆயினும் திசை தெளிவு. தானியக்கம் சாலைப் போக்குவரத்தின் ஆற்றல் செலவைப் பாதியாகவும் ஆக்கலாம், ஏறக்குறைய இருமடங்காகவும் ஆக்கலாம் என்று 2016இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று சொன்னது. எது நடக்கும் என்பது வண்டிக்குள் இருக்கும் கணினியைவிட வெளியே இருக்கும் சட்டதிட்டங்களைப் பொறுத்தது.

முன்னே போட்ட கணக்கை இங்கே கொண்டுவருகிறேன். டீசலில் 80 கிலோ, மின்சாரத்தில் 43 கிலோ. ஓடும் தூரம் 85 விழுக்காடு கூடினால் மின்சாரம் தந்த மிச்சம் முழுவதும் போய்விடும். கார் சோதனையின் விழுக்காட்டை லாரியின் கணக்கில் பொருத்துவது முறையல்ல. எவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கிறோம் என்று காட்டவே சொல்கிறேன். மின்சாரம் தூய்மையாக ஆக இந்த விளிம்பு அகலும். டீசல் லாரியே தானியங்கியானால் விளிம்பு என்ற ஒன்றே கிடையாது. டெக்சஸ் செய்தி என்னை உறுத்தியது அதனால்தான்.

கரியமில வாயுவோடு மட்டும் கதை முடிவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டரில் லாரி எழுப்பும் ஓசையில் பெரும் பகுதி இன்ஜினுடையதல்ல, டயருடையது. ஏ5 ஓரத்து ஊர்களுக்கு மின்லாரியால் கிடைக்கும் அமைதி மிகவும் கொஞ்சம். டயர் தேய்ந்து உதிரும் துகளும் அப்படியே இருக்கும். டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் சேர்மமே, அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்ததற்குக் காரணம் என்று 2020இல் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற யூரோ 7 விதிகள் முதன்முறையாக பிரேக் துகளுக்கும் டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கின்றன. மோட்டாரே வண்டியை மெதுவாக்கிவிடுவதால் பிரேக் துகள் மின்லாரியில் குறையும். டயர் துகள் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. பெரிய மின்கலம் எடையைக் கூட்டுகிறது, தானியக்கம் தூரத்தைக் கூட்டுகிறது.

இந்த இடத்தில் ரயிலைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. ஜெர்மனியின் கருங்காடு மலைப்பகுதியில் உள்ள முர்க் பள்ளத்தாக்கில் காகித ஆலைகளின் சரக்குக்காகப் பி462 சாலையில் மூன்றாவது சோதனைத் தடத்தை அமைத்தபோது, ஊர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, பக்கத்திலேயே மின்மயமான ரயில் பாதை ஓடும்போது சாலைக்கு மேலே எதற்குக் கம்பி என்பதுதான். எஃகுச் சக்கரத்தின் உருள்தடை லாரி டயரினதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டயர் துகள் என்ற பேச்சே இல்லை. ஆனால் பிராங்க்ஃபுர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் இடையிலான பாதை சரக்கும் பயணிகளுமாக நிரம்பி வழிகிறது. 2024இல் அதைச் செப்பனிட ஐந்து மாதம் முழுதாக மூட வேண்டியிருந்தது. இருக்கும் சரக்கு முழுவதையும் ரயிலில் ஏற்று என்று சொல்வது எளிது. ஏற்றத் தடம் வேண்டும்.

ஓட்டுநரில்லாத லாரி ஐரோப்பாவுக்கு வரும் நாளில் கம்பியின் கதை மறுபடி திறக்கப்படலாம் என்று நினைக்கிறேன். கம்பியைத் தோற்கடித்ததில் பெரும்பங்கு அந்த 45 நிமிட ஓய்வுக்கு. ஓட்டுநர் இல்லையென்றால் ஓய்வும் இல்லை. நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமாகிவிடும். ஓடிக்கொண்டே உண்ணும் வண்டிக்கு அப்போது மதிப்பு வரும். கழற்றிய கம்பங்களை மறுபடி நட வேண்டியிருந்தாலும் இருக்கும்.

அதற்கு முன் சுங்கக் கட்டணத்தைச் சரிசெய்துவிட வேண்டும். ஜெர்மனி 2023 டிசம்பர் முதல் லாரிச் சுங்கத்தில் டன் கரியமில வாயுவுக்கு 200 யூரோ சேர்த்து வாங்குகிறது; புகையில்லா லாரிகளுக்கு விலக்கு அளிக்கிறது. மின்லாரிகள் வேரூன்றும்வரை அது நல்ல ஏற்பாடு. ஆனால் இன்று ஒரு லாரி வீணாக ஓடாமல் தடுப்பவை டீசல் விலை, ஓட்டுநர் சம்பளம், சுங்கம் ஆகிய மூன்றும்தான். இவை இருந்தும் ஐரோப்பாவில் லாரிகள் ஓடும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரக்கில்லாமல் ஓடுவது. மின்சாரம் முதலாவதைக் குறைக்கும், தானியக்கம் இரண்டாவதை நீக்கும். மூன்றாவதையும் விலக்கிவிட்டால், வெறும் லாரியை ஊர் சுற்ற அனுப்புவது வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் கட்டுவதைவிட மலிவாகப் போகும். ஆகவே தானியங்கி லாரிகளுக்கு, அவை மின்சாரத்தில் ஓடினாலும், கிலோமீட்டர் கணக்கில் முழுச் சுங்கமும், வெறுமையாக ஓடும் கிலோமீட்டருக்கு அதைவிடக் கூடுதலும் விதிக்க வேண்டும் என்பேன். தொகை எவ்வளவு என்பதைச் சாலைத்துறை கணக்கிடட்டும். முதல் ஓட்டுநரில்லா லாரிக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் முன்பே அதைக் கணக்கிட்டுவிட வேண்டும்.